1146 இருந்த இடம்

அந்த லேபில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. அப்பா மில்லில் இருபது வருஷம் பஞ்சுத் தூசியை இழுத்துவிட்டு, நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கி நிற்கிற நிலையில் வீட்டோடு இருந்தார். நான் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அது ஒன்றுதான் என்னிடம் இருந்த தகுதி. முதலியார்பேட்டையிலிருந்து காலையில் சைக்கிளை மிதித்தால், பெரிய வாய்க்காலின் நாற்றம் மூக்கில் ஏறும்போது லேப் வந்துவிட்டது என்று அர்த்தம்.

எங்களிடம் ரத்தமும் சிறுநீரும் அதிகம் வராது. சதைதான் வரும். ஊரிலுள்ள நர்சிங் ஹோம்களில் கட்டி ஏதாவது அறுத்து எடுத்தால், எடுத்ததை மருந்துத் தண்ணீர் பாட்டிலில் போட்டு அனுப்புவார்கள். டாக்டர் அதை மெழுகில் பதித்து, மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டிச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நல்ல கட்டியா, கெட்ட கட்டியா என்று அவர்தான் சொல்லவேண்டும். சின்னச் சின்னத் துண்டுக் காகிதங்களில் எழுதி என் மேஜைக்கு அனுப்புவார். நான் அடித்துக் கொடுத்ததும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். துண்டுக் காகிதம் அன்றே குப்பைக்குப் போய்விடும்.

ரிப்போர்ட்டை நோயாளியோ வீட்டு மனிதர்களோ வந்து கவுண்டரில் வாங்கிப் போவார்கள். கவுண்டரில் இருந்தவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர். ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்பார்கள். பென்ஷன் பாரிசிலிருந்து வந்துகொண்டிருந்தது. வீட்டில் சும்மா இருக்க முடியாமல்தான் எங்கள் கவுண்டருக்கு வந்தார். டாக்டரைத் 'தொக்தேர்' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் ஒரு பெரிய ரிஜிஸ்டர் இருந்தது. பாட்டில் வந்தவுடன் அதில் நம்பர் போடுவார். ரிப்போர்ட் அடித்து முடித்ததும் நான் அந்த நம்பருக்கு நேரே சிவப்பில் ஒரு டிக் போடுவேன். டிக் இருந்தால் ரிப்போர்ட் தயார். எல்லோரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டோம்.

எண்பதுகளின் நடுவில் டாக்டர் கம்ப்யூட்டர் வாங்கினார். மதராஸிலிருந்து ஓர் இன்ஜினியர் கொண்டுவந்து இரண்டு நாள் தங்கிப் பொருத்தினார். ஊரிலேயே சொந்தமாகக் கம்ப்யூட்டர் வைத்திருக்கிற முதல் லேப் நம்முடையதுதான் என்று டாக்டர் வருகிற எல்லாரிடமும் சொல்வார். ரிப்போர்ட் அடிக்கிற புரோகிராமை எனக்குக் கற்றுக்கொடுத்த இன்ஜினியர், பஸ்ஸுக்குக் கிளம்புகிற அவசரத்தில் கடைசியாக இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார். டி, ஐ, ஆர் என்று மூன்று எழுத்தைத் தட்டி என்டரை அழுத்தவேண்டும். உள்ளேயிருக்கிற ஃபைல்களின் பெயர்களெல்லாம் வரிவரியாக மேலே ஓடும். அவற்றைப் பார்க்கவேண்டாம், எல்லாம் ஓடி நின்றபிறகு கடைசி வரியை மட்டும் பார் என்றார். அதில் இருக்கிற எண்தான், அடித்ததையெல்லாம் மெஷின் சேமித்து வைக்கிற தட்டில் இன்னும் எவ்வளவு இடம் காலி என்பது. அது தீர்ந்துபோனால் மெஷின் எதையும் வாங்காது.

அன்று அந்த எண் எட்டு இலக்கத்தில் இருந்தது. அவ்வளவு பெரிய எண்ணை நான் படித்துப் பழகியதில்லை. தட்டில் இரண்டு கோடி எழுத்து எழுதலாம், நீ கிழவி ஆகிறவரை அடித்தாலும் தீராது என்று டாக்டர் சிரித்தார்.

எனக்கு அந்த மூன்று எழுத்தைத் தட்டுவது பிடித்துப்போயிற்று. தினமும் காலையில் மெஷினைப் போட்டவுடன் அதைத்தான் செய்வேன். முதல் மாதத்திலேயே ஒன்று கவனித்தேன். ஒரு ரிப்போர்ட் இரண்டாயிரம் எழுத்துக்கூட வராது. ஆனால் ஒன்றை அடித்துச் சேமித்தால் காலி இடத்தில் எட்டாயிரம் குறைந்தது. டாக்டர் திருத்தம் சொல்லி மறுபடி சேமித்தால், பழையதையும் ஒரு பிரதியாக மெஷின் தானே வைத்துக்கொண்டது. அதற்கு இன்னொரு எட்டாயிரம். ஏன் என்று அப்போது தெரியாது. சின்ன ஃபைலானாலும் அதற்கென்று ஒரு முழு அறையை மெஷின் ஒதுக்கிவிடும் என்று பிறகு புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். அதோடு, இன்ஜினியர் ஏற்றிவைத்து யாரும் தொடாத சம்பளப் புரோகிராம் ஒன்று, மருந்து ஸ்டாக் புரோகிராம் ஒன்று. டாக்டர் எழுதிக்கொண்டிருந்த புத்தகத்துக்கு ஒவ்வொரு அத்தியாயமும் ஏழெட்டுப் பிரதி. எதையும் அழிக்கக்கூடாது என்பது அவருடைய கட்டளை.

ஒரு வருஷத்தில் எட்டு இலக்கம் ஏழாயிற்று. நான் போய்ச் சொன்னேன். ரெண்டு கோடி எழுத்தை ஒரு வருஷத்தில் அடித்துவிட்டாயா என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் சோதனைச்சாலைப் பையன்கள் சிரித்தார்கள். இன்ஜினியருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். எழுதினேன். பதில் இல்லை. அதன் பிறகு, மெஷின் தானே வைத்திருந்த பழைய பிரதிகளைச் சனிக்கிழமை மதியங்களில் யாருக்கும் தெரியாமல் ஒவ்வொன்றாக அழித்தேன். அதில் ஒன்று டாக்டர் புத்தகத்தின் பழைய அத்தியாயம். அது அவருக்குத் தேவைப்பட்டது. நோயாளிகள் உட்கார்ந்திருக்கும்போதே, மெஷின் உன் அப்பன் வீட்டுச் சொத்தா என்று கத்தினார். சாயந்திரம் கூப்பிட்டு, கோபத்தில் சொல்லிவிட்டேன் மனசில் வைக்காதே என்றார். நான் வைத்துக்கொண்டேன். அந்த வாரத்திலிருந்து காலி இடத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

இதைத்தான் நான் இன்றும் யாரிடமும் ஒழுங்காக விளக்க முடியாமல் இருக்கிறேன். எண் குறைந்துகொண்டே வருகிறது, சொன்னால் கேட்க ஆளில்லை, குறைக்க எனக்கு அனுமதியில்லை. தினமும் பார்த்தால் அன்றைய நாள் கெட்டதுதான் மிச்சம். பார்க்காமலிருந்தால் நாள் நன்றாகப் போனது. மூன்றே எழுத்து. கை அந்தப் பக்கம் போகாமல் பழக்கிக்கொண்டேன்.

அது நடந்தது பங்குனி மாதம், ஒரு முற்பகல். ஊரில் பெரிய மனிதர் ஒருவருடைய குடலிலிருந்து எடுத்த சதைக்கு ரிப்போர்ட். வேலூருக்கு அழைத்துப்போகக் கார் தெருவில் நின்றிருந்தது. மகன் என் முதுகுக்குப் பின்னால் நின்று, ஆயிற்றா ஆயிற்றா என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பக்கம் அடித்து முடித்துச் சேமிக்கப் போனேன். தட்டு நிரம்பிவிட்டது என்று திரையில் வந்தது. மறுபடி அழுத்தினேன். மறுபடி அதே. சேமித்தால்தான் அந்தப் புரோகிராமில் பிரிண்ட் எடுக்க முடியும். வெளியே வந்தால் அடித்ததெல்லாம் போய்விடும். மின்சாரம் வேறு காலையிலிருந்து இரண்டு முறை போய்வந்திருந்தது. மூன்றாவது முறை போனால் எல்லாம் முதலிலிருந்து.

அடித்துக்கொண்டிருக்கும்போதே வேறொரு ஃபைலை அழிப்பதற்கு அந்தப் புரோகிராமில் ஒரு வழி இருந்தது. பழைய பிரதிகளை ஏற்கெனவே அழித்துத் தீர்த்திருந்தேன். டாக்டரின் அத்தியாயங்களைத் தொட முடியாது, மற்றவையெல்லாம் உண்மையான ரிப்போர்ட்டுகள். ஒன்றை அழித்தால் போதும், இது உட்கார்ந்துவிடும். 1046 என்று ஒன்று நினைவுக்கு வந்தது. முதுகில் கொழுப்புக் கட்டி, ஒன்றுமில்லாதது, நோயாளி வாங்கிப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. அழிக்கவேண்டிய பெயரை மெஷின் கேட்டது. தட்டினேன். விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. என்டரை அழுத்தினேன். பிறகு சேமிக்கச் சொன்னேன், சேமித்துக்கொண்டது. பிரிண்டர் ரிப்பனில் மையே இல்லை. இரண்டு நாளாக அப்படித்தான். இருக்கிற மங்கலிலேயே ஒரே தாளில் இரண்டு தடவை அச்சாக்கி அந்த ஒரு ரிப்போர்ட்டை மட்டும் எடுத்தேன். டாக்டர் கையெழுத்துப் போட, கார் போயிற்று.

நான் 1046க்குப் பதிலாக 1146 என்று தட்டியிருந்தேன்.

அப்போது எனக்கு அது தெரியாது. இன்னொரு வழி இருந்தது என்பதும் தெரியாது. ஒரு ஃப்ளாப்பியைச் செருகி, அடித்ததை அதில் எழுதச் சொல்லியிருக்கலாம். ஃப்ளாப்பிகள் டாக்டரின் பீரோவில் பூட்டியிருந்தன.

மறுநாள் மதராஸிலிருந்து புது ரிப்பன் வந்தது. முந்தின மூன்று நாளில் அடித்து, பிரிண்ட் எடுக்காமல் இருந்தவற்றை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டேன். 1145 வந்தது. 1146 என்று தட்டினால், அப்படி ஒரு ஃபைல் இல்லை என்றது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரிப்பன் மங்கிய அன்று காலையில் ஒன்று பிரிண்ட் எடுத்தோமே, அது இதுவாகத்தான் இருக்கும், ஃபைலுக்கு வேறு பெயர் கொடுத்திருப்பேன் என்று நினைத்தேன். ரிஜிஸ்டரைப் பார்த்தேன். என் டிக் இருந்தது. ஆகவே ஆகிவிட்டது என்று 1147ஐ எடுத்தேன். அந்தக் கொஞ்ச நேரம் எத்தனை விநாடி இருக்கும்? மனசில் ஒன்று சொரசொரத்தது உண்மை. அதைத் தொட்டுப் பார்க்க நான் விரும்பவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரக் கடைசியில் ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கையில் ஒயர் கூடை. பெஞ்சு காலியாக இருந்தும் வாசற்படியில்தான் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து எங்கள் ரசீதை எடுத்து நீட்டினாள். சொல்தா உறைகளை எல்லாம் தள்ளிப் பார்த்துவிட்டு, இல்லை, ரெண்டு நாள் கழித்து வா என்று அனுப்பினார். திங்கட்கிழமை மறுபடி வந்தாள். இந்த முறை அவர் என் அறைப் பக்கம் எட்டிப் பார்த்து, பதினொண்ணு நாப்பத்தாறு என்னாச்சு என்று கேட்டார். ரிஜிஸ்டர் என் மேஜையில் இருந்தது.

"அடிச்சாச்சு ஐயா" என்றேன்.

அவர் அவளிடம் திரும்பி, அடித்துக் கொடுத்தாயிற்று, உங்க வீட்டாளுங்க யாராவது வந்து வாங்கியிருப்பாங்க, வீட்டில் கேட்டுப் பார் என்றார். வீட்டிலிருந்து வேறு யாரும் வரவில்லையே என்று அவள் சொன்னாளா, சொல்ல நினைத்தாளா, எனக்கு நிச்சயமில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ரசீதை மறுபடி முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

ஆவணியில் அவளுடைய புருஷன் வந்தான். கட்டுமரத்தில் போகிறவன் என்பது பார்த்தவுடனே தெரிந்தது, தோளும் கையும் அப்படி. கனகசெட்டிக்குளத்திலிருந்து வருகிறேன் என்றான். மனைவிக்கு மார்பில் எடுத்த கட்டி மறுபடி வந்திருக்கிறது, கை வீங்கிவிட்டது, நர்சிங் ஹோமில் போய் நின்றால் முதலில் எடுத்த ரிப்போர்ட்டைக் கொண்டுவா என்கிறார்கள், காப்பி ஒன்று கொடுங்கள் என்றான். அழுக்கேறி மடிப்பில் கிழிந்த ரசீதைச் சொல்தா என் மேஜையில் வைத்தார்.

நம்பரைப் பார்த்தவுடன், மாதக்கணக்கில் தட்டாத அந்த மூன்று எழுத்தைத் தட்டினேன். பெயர்கள் மேலே ஓடின. 1046 இருந்தது. முதுகுக் கொழுப்புக் கட்டி, பத்திரமாக இருந்தது. 1146 இருக்கவேண்டிய இடத்தில் இல்லை.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். நடந்ததை நடந்தபடி சொன்னேன், எண்ணை மாற்றித் தட்டியதையும், மறுநாள் ஃபைல் இல்லை என்று மெஷின் சொன்னதையும், அந்தப் பெண்ணிடம் அடிச்சாச்சு என்று சொல்லவைத்ததையும். அவர் எழுந்து ஸ்லைடு அலமாரிக்குப் போனார். கண்ணாடித் துண்டுகளை நாங்கள் எறிவதில்லை. கேட்டிருந்தால் எந்த நாளும் எடுத்துப் பார்த்து மறுபடி எழுதியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, டிக் இருந்ததால். மைக்ராஸ்கோப்பில் வைத்து வெகுநேரம் பார்த்தார். வழக்கமாக அரை நிமிஷத்துக்கு மேல் பார்க்கமாட்டார். கண்ணை எடுத்தபோது மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். கெட்ட கட்டி. எடுத்த ஓரம்வரை பரவியிருந்தது.

துண்டுக் காகிதத்தில் எழுதி என்னிடம் கொடுத்தார். இன்றைய தேதி போடவா என்று கேட்டேன்.

"பழைய தேதியே போடும்மா. நான் பாத்தது அன்னிக்குத்தானே" என்றார்.

அது பொய்யில்லை. அன்றைக்கே அவர் பார்த்து எழுதியிருந்தார் என்பது நிஜம். ஆனால் அந்தத் தேதியைப் பார்க்கிறவர்களுக்கு, ரிப்போர்ட் பங்குனியிலேயே தயாராக இருந்தது, அவர்கள்தான் வந்து வாங்கவில்லை என்றுதான் தோன்றும். எனக்கும் அது புரிந்தது, அவருக்கும் புரிந்தது. நான் அடித்தேன். பங்குனியிலிருந்தே, வாங்கிப் போன பழையது ஒன்றை அழித்துத்தான் புதிது ஒன்றைச் சேமித்துக்கொண்டிருந்தேன், இதற்கும் இடம் இல்லை. 1046ஐ இப்போது சரியாக அழித்துவிட்டுச் சேமித்தேன். புருஷன் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டுப் போனான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரக்காணம் பஸ்ஸில் ஏறினேன். லேபில் வேலை இருக்கிறது என்று வீட்டில் சொல்லியிருந்தேன். காலாப்பட்டில் பல்கலைக்கழகக் கட்டடங்கள் அரையும் குறையுமாக எழும்பிக்கொண்டிருந்தன; பஸ்ஸில் பாதிப் பேர் சித்தாள்கள், அங்கே இறங்கினார்கள். அதற்குப் பிறகு நானும் ஒரு கிழவரும்தான். இறங்கவேண்டிய இடம் வருகிறவரை என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். இறங்கியதும் ஒன்றும் நினைவில்லை.

மாரில் ஆபரேஷன் செய்த அம்மா வீடு என்று கேட்டவுடன் காட்டினார்கள். ஓலை வீடு. அவள் சுவரில் சாய்ந்து, வீங்கின கையைத் தலையணைமேல் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள். கை அவள் கை மாதிரியே இல்லை. நான் லேபிலிருந்து வருகிறேன் என்றதும் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. மருந்து ஏதாவது கொண்டுவந்திருப்பேன் என்று நினைத்துவிட்டாள். புருஷனிடம் சோடா வாங்கிவரச் சொன்னாள். வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் அவனே பேச ஆரம்பித்தான்.

நீங்களே தேதியைப் பாருங்கள், பங்குனியிலேயே போட்டிருக்கிறது என்று நர்சிங் ஹோமில் படித்துச் சொன்னார்கள், இவள் போய் வாங்கிவந்து டாக்டரிடம் காட்டியிருந்தால் இந்த நிலைமை வருமா என்று என்னிடம் நியாயம் கேட்டான். கேட்டால் போனேன் போனேன் என்கிறாள், போனவள் கையில் காகிதம் எங்கே என்றான். அவன் அண்ணனும் அண்ணியும் அதையே சொல்கிறார்கள். ரிப்போர்ட் வந்த நாளிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான் என்று தெரிந்தது. அவள் கன்னத்தில், காதுக்குக் கீழே, பழுத்து மஞ்சளாகிக்கொண்டிருந்த ஒரு தடம் இருந்தது.

நான் நின்றுகொண்டே சொன்னேன். கம்ப்யூட்டரைப் பற்றிச் சொன்னால் அவர்களுக்கு ஒன்றும் புரியாது என்பதால், உங்க காகிதத்தை நான் தவறிப்போய் அழித்துவிட்டேன், அழித்தது தெரியாமல் தயார் என்று சொல்லிவிட்டேன், அந்தப் பங்குனித் தேதி ஆவணியில் போட்டது என்று சொன்னேன்.

அவள்தான் முதலில் பேசினாள்.

"அப்ப நான் போவாததுனால இல்லியா?"

"இல்லக்கா. நீங்க ரெண்டு தடவ வந்தீங்க, நான் பாத்தேன். அடிச்சாச்சுன்னு உள்ள இருந்து சொன்னது நான்தான்."

அவள் புருஷன் பக்கம் முகத்தைத் திருப்பினாள். "கேட்டுக்கினியா?" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. அவன் எழுந்து வெளியே போனான்.

நானும் அவளும் மட்டும் இருந்தோம். என்மேல் கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். கோபம் வந்தால் தேவலை என்றிருந்தது. அவள் தலையணையைக் கொஞ்சம் நகர்த்திக் கையைச் சரியாக வைத்துக்கொண்டாள். பிறகு, முதலிலேயே தெரிந்திருந்தால் நன்றாகியிருப்பேனா என்று கேட்டாள்.

"தெரியாதுக்கா. ஆயிருக்கலாம்" என்றேன்.

நான் வெளியே வந்தபோது அவன் வலைக் குவியலின் பக்கத்தில் மணலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்க்காமலே, கையெழுத்துப் போட்ட டாக்டருக்கு இதெல்லாம் தெரியுமா என்று கேட்டான். தெரியும் என்றேன். தலையை ஆட்டினான். அவன் எழுந்து என்னை ஏதாவது செய்வான் என்று பயமாக இருந்தது. செய்யவில்லை.

"நீ போம்மா. பஸ்ஸு வர்ற நேரம்" என்றான்.

திங்கட்கிழமை டாக்டரிடம், போய்ச் சொல்லிவிட்டு வந்தேன் என்றேன். வேலையை விட்டு அனுப்புவார் என்று சாப்பாட்டு டப்பாவைக்கூட மேஜையில் எடுத்து வைக்காமல் காத்திருந்தேன். அனுப்பவில்லை. சரி என்றார், அவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து அவரே நர்சிங் ஹோமுக்குப் போன் போட்டு, அவளை மதராஸுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார் என்று சொல்தா சொன்னார். அவள் மதராஸுக்குப் போனாள், திரும்பி வந்தாள். ஐப்பசி மழையில் இறந்துபோனாள். அதையும் சொல்தாதான் எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னார். சொல்லிவிட்டு ரிஜிஸ்டரை மூடிவைத்து, தொக்தேரிடம் நீயே சொல்லிவிடு, என்னால் முடியாது என்றார். அன்றைக்கு அவளிடம் வாய்திறந்து சொன்னது தான்தான் என்ற எண்ணம் அவருக்கும் இருந்திருக்கவேண்டும். அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. சாவுக்கு நான் போகவில்லை. போக எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது. பயம் என்றும் சொல்லலாம்.

அதன் பிறகு லேபில் சில மாற்றங்கள் வந்தன. பீரோ சாவி என் மேஜைக்கு வந்தது. மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு அட்டையிலிருந்து அட்டைவரை படித்தேன். மெஷினைப் போட்டவுடன், நான் எதையும் தட்டாமலே, காலி இடம் எவ்வளவு என்று அது தானாகச் சொல்கிறமாதிரி செய்துவைத்தேன். மதியமும் பார்ப்பேன், வீட்டுக்குக் கிளம்பும்போதும் பார்ப்பேன். பையன்கள் கேலி செய்தார்கள். டிக் போடுவதைக் கையெழுத்தான பிறகுதான் என்று மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள். அடுத்த வருஷம் இன்ஜினியர் இரண்டு மடங்கு பெரிய தட்டு ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு, இதை உங்களால் நிரப்பவே முடியாது என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை.

நான் வேலையை விடவில்லை. விட்டிருக்கவேண்டும் என்று சில நாள் நினைப்பேன். அப்பாவுக்கு ஆக்ஸிஜன் வைக்கிற நிலைமை வந்திருந்தது. விட்டு எங்கே போவது? அந்த மேஜையில் இன்னும் நாலு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாலு வருஷத்தின் கடைசியில் ஒரு நாள், முற்பகலில், கனகசெட்டிக்குளத்துக்காரன் கவுண்டரில் வந்து நின்றான். தலை நரைத்திருந்தது. அவனோடு ஒரு சின்ன வயசுப் பெண். தங்கச்சி மகள் என்று சொல்தாவிடம் சொன்னான். கழுத்தில் கட்டி எடுத்திருந்தார்கள். அவளுடைய ரிப்போர்ட் என் மேஜையில்தான் இருந்தது, கையெழுத்துக்குப் போகவேண்டியது. உறையில் போட்டு அனுப்பியிருக்கலாம். கையெழுத்து வாங்கி நானே எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

என்னை அடையாளம் தெரிந்துகொண்டான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. உறையை நீட்டினேன், வாங்கிக்கொள்ளவில்லை.

"படிச்சிச் சொல்லு" என்றான்.

அங்கேயே, எல்லாரும் உட்கார்ந்திருந்த இடத்திலேயே, நம்பரிலிருந்து ஆரம்பித்துப் படித்தேன். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொன்னேன். சுரப்பி வீக்கம், காசநோய்க் கிருமியால் வந்தது, மாத்திரை சாப்பிட்டால் குணமாகும் என்று கடைசி வரி. தேதியைப் படி என்றான். படித்தேன். இன்னிக்கா என்று கேட்டான். இன்னிக்குத்தான் என்றேன்.

காகிதத்தை வாங்கி, அவனுக்கு எழுத்து தெரியாது, இருந்தாலும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தான். பிறகு நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்து, பொத்தானைப் போட்டான். அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள், நான் யார் என்று அவளுக்குத் தெரியாது. இருவரும் வெயிலில் இறங்கி பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து போனார்கள்.